பிள்ளையாருக்கு மூன்று அவை

9 மார்ச், ஞாயிறு

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் எழுத வேண்டிய கையால் இதை எழுதுகிறேன். வாயால் சொல்ல வராதவற்றை எங்காவது வைக்க வேண்டுமே.

இன்று கோயிலில் அப்பா என்னை விற்றுவிட்டார். சுவிஸின் ஆராவ் நகரத் தொழிற்பேட்டையில், டயர்க் களஞ்சியத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் இருக்கும் எங்கள் பிள்ளையார், இதுவரை வேறொரு கன்டோன் மாநிலத்தில் உள்ள பெரிய கோயிலின் கிளை. எங்களுக்கு எந்த ஐயர், எந்த நாள் கொடியேற்றம் என்பதெல்லாம் அங்கிருந்துதான் வரும். அவர்களுடைய தேர் முடிந்த பிறகுதான் எங்களுடையது. அதனால் வருடாவருடம் மழை. இப்போது தனியாகப் போக விடுகிறார்களாம். ஆனால் ஜூனுக்குள் எங்களுக்கென்று ஒரு யாப்பு, அதாவது எழுதிய சங்க விதிகள், வேண்டும்.

"ஆர் எழுதுறது?" என்று தலைவர் குலேந்திரன் மாமா கேட்டார்.

"என்ரை மகள் சட்டம் படிச்சவ," என்றார் அப்பா.

நான் படித்தது வரலாறு. எழும்பிச் சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டே வடை சாப்பிட்டேன்.

11 மார்ச், செவ்வாய்

வரலாற்றிலும் என்ன வரலாறு! பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அங்கிலிக்கன் திருச்சபை எப்படித் தன்னைத் தானே ஆளத் தொடங்கியது என்பது. அம்மா இன்னும் சொந்தக்காரரிடம் "பிள்ளை வேதக்காரரைப் பற்றிப் படிக்கிறாள்" என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

பேர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ரயிலில் யோசித்தேன். அங்கே பிஷப்பை லண்டன் அனுப்பியது. இங்கே பெரிய கோயில் ஐயரை அனுப்புகிறது. பிறகு லண்டன் நீதிபதிகளே சொல்லிவிட்டார்கள்: சொந்தச் சட்டசபை உள்ள குடியேற்ற நாட்டில் இந்தத் திருச்சபையும் மற்றச் சங்கங்களைப் போல ஒரு சங்கம்தான், ஆட்கள் கூடி உடன்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதாவது ஒரு ஃபெராயின்! சுவிஸில் யாஸ் சீட்டு விளையாட நாலு பேர் கூடினாலும் ஃபெராயின்தான்.

ரயிலில் தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்தவர் இடம் மாறினார்.

22 மார்ச், சனி

எழுதிவிட்டேன். பாதி பெரிய கோயிலின் பழைய விதிகள், பாதி நியூசிலாந்துத் திருச்சபை. அங்கே பிஷப்மார், குருமார், பொதுமக்கள் என்று மூன்று தரப்பு. மூன்றும் தனித்தனியே உடன்பட்டால்தான் எதுவும் நடக்கும். எங்களுக்கு நிர்வாக அவை, பூசை அவை, மக்கள் அவை.

குலேந்திரன் மாமாவுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சந்தோசம். "வெள்ளைக்காரன் நூற்றைம்பது வருசமா நடத்திறான். பிழையாப் போகுமோ?"

எல்லா வீடுகளுக்கும் அனுப்பியாயிற்று. அப்பா மருத்துவமனைச் சமையலறையில் தன்னோடு வேலை செய்யும் போர்த்துக்கீசருக்கும் ஒரு பிரதி கொடுத்தாராம். ஏன், அப்பா?

6 ஏப்ரல், ஞாயிறு

ஒத்திகை. குலேந்திரன் மாமாவின் யோசனை: "சின்ன விசயம் ஒண்டை வைச்சு ஓட்டிப் பாப்பம்." சின்ன விசயம் என்னவென்றால், புதன்கிழமைகளில் பின்னேரம் மூன்று மணிக்கும் ஒரு பூசை.

நிர்வாக அவை, அப்பாவின் கையோடு ஏழு கையும் மேலே. மக்கள் அவை, கூட்டத்துக்கு வந்திருந்த அப்பாமார் எல்லாரும் மேலே. பிறகு எல்லோரும் எங்கள் ஐயரை, ஐயாவைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தார்.

"பூசை அவையிலை ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"நீங்கள்தான், ஐயா," என்றேன்.

"நான் மட்டுமோ?"

"ஓம்."

"அப்ப நான் மாட்டனெண்டு சொன்னால்?"

"நடக்காது, ஐயா."

ஐயா வெற்றிலையைக் கீழே வைத்தார். வந்த மூன்று வருடத்தில் அவருடைய பல்லை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். "நான் உடன்படேல்லை," என்றார்.

வெற்றிலைத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார்:

"என்ரை பிள்ளையளுக்குப் புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. ஒருநாளும் அதுகளோடை வெளியிலை போனதில்லை. இனிப் புதன் பின்னேரம் எனக்கு லீவு வேணும். அவை முடிவு செய்திட்டுது."

குலேந்திரன் மாமா என்னைப் பார்த்த பார்வை! ஒற்றை ஆளுக்கு ஒரு முழு அவையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. நியூசிலாந்தில் குருமார் பலர். எங்களுக்கு ஒரேயொரு ஐயா.

6 ஏப்ரல், பிறகு

மேலே எழுதியதில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதியை எழுதாமல் பாத்திரம் கழுவப் போனேன். வந்து எழுதுகிறேன்.

ஐயா லீவு வாங்கியதும் சமையல்கட்டுக் கதவில் புனிதவதி அன்ரி. கையில் சாம்பார் அகப்பை. முந்நூறு பேருக்கு அன்னதானம் சமைப்பவர்.

"ஒருத்தருக்கு ஒரு அவையெண்டால் எங்களுக்கு எங்கை?"

"நீங்கள் மக்கள் அவை, அன்ரி."

"அதிலை ஆருக்கு வாக்கு?"

"குடும்பத்துக்கு ஒண்டு."

"உன்ரை வீட்டிலை அது ஆர்?"

"அப்பா."

"இந்தச் சட்டத்தை எழுதினது ஆர்?"

கையில் இருந்த யாப்பைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.

"கெட்டிக்காரி! உனக்கே இடம் வைக்காமல் எழுதியிருக்கிறாய்," என்று சொல்லி அன்ரி உள்ளே போய்விட்டார். பின்னால் சமையல்கட்டு முழுக்கச் சிரிப்பு.

7 ஏப்ரல், திங்கள்

ரயிலில் என் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். லண்டனிடமிருந்து விடுதலை கேட்டுத் தொண்டை கிழியக் கத்திய குடியேற்றக் கனவான்கள், தங்கள் மனைவிமாருக்கும் மகள்மாருக்கும் வாக்குக் கொடுக்க மறந்ததை ஒரு முழுப் பக்கத்துக்கு நக்கல் அடித்திருக்கிறேன். பேராசிரியை ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறார்.

மிக நன்றுதான்.

14 ஏப்ரல், திங்கள்

புதுவருடம். கைவிசேடக் காசு வாங்கியதும் நல்ல நேரம் பார்த்து அப்பாவிடம் தொடங்கினேன்.

"அப்பா, அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாக்கு—"

"அதுக்கென்ன? எங்கடை வீட்டிலை ஆருக்கு வேறை அபிப்பிராயம் இருக்கு?"

பயற்றம் பணியாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, தலை நிமிராமல், "கேட்டுப் பாத்தனீங்களோ?" என்றார்.

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

2 மே, வெள்ளி

சுவிஸ் வாக்குச் சீட்டு வந்திருக்கிறது. மூன்று உறைகள், மூன்று பெயர்கள். சுரங்கப் பாதை வேண்டுமா, ஓய்வூதியத்தை மாற்றலாமா என்று இந்த நாடு என்னிடம் தனியாகக் கேட்கிறது. பிள்ளையாருக்குப் பஞ்சாமிர்தத்தில் பேரீச்சம்பழம் போடலாமா என்பதற்கு மட்டும் நான் அப்பாவுக்குள் அடக்கம்.

இது எனக்கு வேண்டும். இங்கேயாவது நேராக எழுதிவிடுகிறேன். இந்தக் கோயிலில் எனக்கென்று ஒரு வாக்கு வேண்டும். ஏழு வயதில் இருந்து செருப்பு அடுக்கியிருக்கிறேன்.

18 மே, ஞாயிறு

புனிதவதி அன்ரியிடம் கேட்டேன்: "நீங்கள் எழும்பிச் சொல்லுவீங்களோ?"

"நான் சொன்னால் சோறு குழைஞ்சு போச்செண்டு கதையை மாத்துவினம். எழுதினவள் நீ. நீ கதை."

நான் கதைப்பதா? பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கில் என் பெயரைச் சொல்லவே மூன்று தரம் தண்ணீர் குடிப்பவள்.

யாப்பைத் திரும்பப் பார்த்தேன். இறுதி வாக்கெடுப்புக்கு முன் மண்டபத்தில் உள்ள எவரும் பேசலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதையும் நான்தான் எழுதியிருக்கிறேன். எழுதும்போது என்ன நினைத்தேனோ!

14 ஜூன், சனி

நாளைக்குப் பொதுக்கூட்டம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். வெளியே அம்மா, "சத்தமாச் சொல்லு, கேக்கேல்லை," என்கிறார்.

15 ஜூன், ஞாயிறு

நிறைவேறிவிட்டது. இனி நாங்கள் யாருக்கும் கிளை இல்லை. கொடியேற்றம் ஆகஸ்ட் முதல் கிழமையில். அப்போதும் மழை வந்தால் அது எங்கள் சொந்த மழை.

காலை முழுக்க நான் விதி விளக்குபவளாக மட்டும் இருந்தேன். ஐயாவின் புதன் லீவு யாப்பிலேயே ஏறியது. பெரிய கோயிலுக்கு நன்றித் தீர்மானம். கணக்காய்வாளர் தெரிவு. ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தேன், ஒவ்வொரு முறையும் வேறு யாராவது இருமினார்கள். கடைசியாகக் குலேந்திரன் மாமா, "சரி, முழு யாப்பையும் வாக்குக்கு விடுறம். ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ? இல்லைத்தானே?" என்றார். கையைத் தூக்கினேன். "என்ன பிள்ளை, எழுத்துப் பிழையோ?" என்றார்.

என் திருத்தத்துக்கு முதலில் உடன்பட்டது பூசை அவை. ஐயா பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார், ஒன்றை இறக்கச் சொன்னோம். மக்கள் அவையில் பின்வரிசை அப்பாமார் சிலர் தங்கள் மனைவிமாரைப் பார்த்த பிறகு தூக்கினார்கள். அங்கே தாராளமாகத் தேறியது. விதியை மாற்றுவதென்றால் நிர்வாக அவையில் ஏழு பேரும் உடன்பட வேண்டியிருந்தது. ஆறு கை எழும்பியது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார். பிறகு தூக்கினார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் மட்டும், "அடுத்த கூட்டத்திலை நீர் எனக்கு எதிரா வாக்குப் போடுவீரோ?" என்று கேட்டார். "விசயத்தைப் பொறுத்தது," என்றார் அம்மா.

மறப்பதற்கு முன், நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி வைக்கிறேன். நடுங்கிய இடங்களை மட்டும் விட்டுவிடுகிறேன்:

"வணக்கம். நான் சரணியா. குடும்பத்துக்கு ஒரு வாக்கு எண்டு எழுதினது நான்தான். பழைய விதியைப் பாத்து யோசிக்காமல் எழுதிப்போட்டன். அப்பாவோடை எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை. அவர் கை தூக்கேக்கை நானும் அம்மாவும் பக்கத்திலைதான் இருக்கிறம், எங்களுக்கும் கை இருக்கு. பதினெட்டு வயசு தாண்டின எல்லாருக்கும் ஆளுக்கொரு வாக்குக் குடுங்கோ. எனக்கும் ஒண்டு தாங்கோ."