திகாம் பத்துவில் வீடு காலியான விதம்

மே 4, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. நனைந்தபடியே அரிசி ஆலைக்கு, கணக்கெழுதும் கிராணி வேலைக்கு. மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட ஆள் இல்லை.

மதியம் ஒப்பந்தக்காரர் மாணிக்கம் என்னைத் தேடி ஆலைக்கே வந்தார். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்து அனுப்புகிறவர். போனவர் எவரும் இன்னும் திரும்பவில்லை. பட்டியலில் என் மருமகன் கணேசன் பெயரும் இருக்கிறதாம். மகள் வள்ளிக்கு இது ஏழாம் மாதம்.

"பேர எடுத்துடலாம் கிராணி. திகாம் பத்து ஊர்ல ரோட்டோரமா உங்க வாடகை வீடு இருக்குல்ல, அத எனக்கு வித்துடுங்க. ஆளுங்கள லாரி ஏத்துற வரைக்கும் அடைச்சு வைக்க இடம் வேணும்."

ஒத்துக்கொண்டேன். விலை, பேச்சுக்கு ஒரு சின்னத் தொகை.

"ஆனா காலி வீடா வேணும். பதினெட்டாந்தேதி லாரி."

அந்த வீட்டில் இருப்பது டிரசர் சூசை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். ஒன்பது வருடக் குடித்தனம்.

மே 6, வியாழன்
டிரசரைப் போய்ப் பார்த்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி மூடியதிலிருந்து வேலை இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இரண்டு காலும் வீக்கம். விரலால் அழுத்திக் காட்டினார். குழி அப்படியே நின்றது.

"பெரிபெரி, கிராணியாரே. மருந்தெல்லாம் வேணாம். உங்க ஆலையில கெடக்குற தவிடு, தெனம் ரெண்டு கைப்பிடி போதும். ஒரு வாரத்துல வத்திடும்."

வீட்டை விற்பதைச் சொன்னேன்.

"எந்திரிக்கவே முடியல. எங்க போறது?" கோபம் இல்லை அவருக்கு.

தவிட்டுக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். ஆலையில் மூட்டை மூட்டையாகத் தவிடு. எங்கள் வாத்துகளுக்கே தினம் ஒரு படி.

வீக்கம் முழங்கால் வரை. வயிற்றுக்கு ஏறினால் அதிக நாள் தாங்காது. பதினெட்டுக்குள் முடிந்துவிடும்.

மே 9, ஞாயிறு
வெயில். வாங்க வேண்டியவை: உப்பு, விளக்குக்கு எண்ணெய், வள்ளிக்கு மீன்.

வீக்கம் தொடையில். பேசினால் மூச்சு வாங்குகிறார். தவிடு கேட்டார். ஜப்பான்காரன் பூட்டி வைத்துவிட்டான் என்றேன்.

"பரவால்ல. எனக்காக நீங்க மாட்டிக்காதீங்க."

திரும்பும்போது சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது. சின்ன வயதில் வள்ளிக்கு மலேரியா வந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்து பிழைக்க வைத்தவர். இதை ஏன் எழுதுகிறேன்? கணேசன் போய்விட்டால் வள்ளியை யார் பார்ப்பது?

மே 12, புதன்
மாணிக்கம் ஆள் அனுப்பிக் கேட்டார். பதினேழாம் தேதிக்குள் காலியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். டிரசர் பக்கம் போகவில்லை. பல்வலி.

மே 15, சனி
டிரசர் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டு. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி சரசுவைக் கேட்டேன். அவளுக்குப் பொய் வராது.

"ஆமாங்க, நாந்தான். அஞ்சு நாளா வாத்துக்கு வச்ச தவிட்டக் கொண்டுபோய்க் குடுக்குறேன். நீங்க குடுத்து விட்டதாச் சொன்னேன். வள்ளிய பொழைக்க வச்ச மனுஷன்ங்க."

"அப்ப கணேசன் சயாமுக்குப் போகட்டுமா?"

அறைந்துவிட்டேன். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

மே 16, ஞாயிறு
மாணிக்கம் வீட்டுக்குப் போனேன்.

"என்ன கிராணி, இன்னும் காலியாகலியா?"

"அந்த ஆளு டிரசர். இவ்வளவு பேர் போறாங்க, காய்ச்சல் வந்தா மருந்து குடுக்க ஆள் வேணாமா?"

"வீங்கிப் போயிக் கெடக்குறாருன்னாங்க. நடப்பாரா?"

"இப்ப நடக்குறாருலா."

சிரித்துக்கொண்டே பட்டியலை எடுத்தார். கணேசன் பெயரை அடித்தார். பக்கத்தில் சூசை என்று எழுதும்போது மை தீர்ந்துவிட்டது. என் பேனாவைக் கொடுத்தேன்.

மே 18, செவ்வாய்
தூறல். நேற்றே ஆட்களைக் கொண்டுவந்து டிரசரோடு சேர்த்து அதே வீட்டில் அடைத்துவிட்டார்கள். முப்பது பேர் இருக்கும். வெளியே பூட்டு. வீட்டை ஒப்படைக்க நான் போக வேண்டியிருந்தது. ஏழு மணிக்கு லாரி.

டிரசர் மருந்துப் பையோடு வரிசையில். என்னைக் கண்டதும் விலகி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பேரு எப்படி ஏறுச்சுன்னு தெரியல, கிராணியாரே. போகட்டும். நீங்க தவிடு குடுத்து விடலன்னா இந்நேரம் மண்ணுக்குள்ள இருப்பேன். மாதா உங்க குடும்பத்தக் காப்பாத்துவா."

"போய்ட்டு வாங்க, டிரசரே" என்றேன்.

லாரியில் ஏறக் கை கொடுத்தேன். கால் நன்றாக வற்றியிருந்தது.

சரசு சோற்றை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கணேசன் தொட்டில் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருக்கிறான்.

நாளை காலை பத்து மணி, சுங்கை பட்டாணி ஊர் நில ஆபீஸ், வீட்டை எழுதிக் கொடுக்கக் கையெழுத்து. வெள்ளைச் சட்டையில் மேல் பித்தான் இல்லை. சரசுவிடம் சொல்ல முடியாது. நானே தைக்க வேண்டும்.