மாயம்மா வச்ச எழுபது வேம்பு

மாயம்மாவுக்கு,

நீ கோவிச்சுக்கிட்டு அகரத்துல மக வீட்டுக்குப் போயி பதினோரு நாளாச்சு. இங்க எல்லாம் சௌக்கியம். நான் சோத்துக்குத் தொட்டுக்க வைக்கிற வெஞ்சனம் மட்டும் தினமும் கருகுது.

காத்துல இருக்குற கார்பனை மரம் இழுத்தா கம்பெனி பணம் தரும்னு ஒரு திட்டத்துல சேந்தேனே, அந்த ஆபீசர் நேத்து எரியோட்டுத் தோட்டத்துக்கு வந்தாரு. நீ வச்ச எழுபது வேம்பையும் நான் வச்சதாத்தான் விண்ணப்பப் பாரத்துல எழுதியிருந்தேன். அதுக்குத்தான நீ கோவிச்சுக்கிட்டுப் போன.

"இந்தத் திட்டம் இல்லாட்டி இந்த மரமெல்லாம் வந்திருக்குமா?"ன்னு கேட்டாரு. வந்திருக்காதுன்னு சொன்னாத்தான் கணக்குல சேருமாம். அப்படிச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன்.

"எம்பொண்டாட்டி நெனச்சுட்டா யார் தடுத்தாலும் வந்திருக்கும் சார்"ன்னு வந்துருச்சு.

எழுபதையும் கணக்குலருந்து அடிச்சுட்டாரு. திட்டத்துக்காகவே நான் வச்ச முப்பது மரக்கன்னைக் கேட்டாரு. காட்டினேன். காஞ்ச குச்சியா நின்னதப் பாத்துட்டு, "இது அடுப்புக்குத்தான் ஆகும்"னாரு.

பாரம் தள்ளுபடி. ஆனா அதுல மரம் வச்சவர்ங்கிற எடத்துல என் பேரை அடிச்சு உன் பேரை எழுதி, அவர்கிட்டக் கையெழுத்தும் வாங்கிட்டேன். ஞாயித்துக்கெழம அதைக் கொண்டுக்கிட்டு அங்க வாரேன். மருமகன் முன்னாடி மட்டும் வையாத.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்