நீ அனுப்பிய ஹெட்போனில் அப்பா கேட்டது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும், அவள் வயிற்றில் இருப்பதும் நல்லபடியாக வளர வேண்டும். நலம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது, இனி எழுதப் போவதெல்லாம் கோபம். போனில் கூப்பிட்டால் போதாதா, எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் அது யார் காதில் போய் விழும் என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை, அதற்கும் காரணம் நீதான், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுதாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு அப்புறம் பார்க்கிறேன் என்று மருமகளிடம் சொல்லாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

போன மாதம் நீ அனுப்பிய பார்சல் வந்தபோது சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன். டிவிக்குக் கீழே வைக்கிற கறுப்புப் பெட்டி ஒன்று, அதற்கு விரல் நீளத்தில் ஒரு ரிமோட், அப்புறம் காதை முழுதாக மூடுகிற ஹெட்போன். டிவி சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டு டீச்சர் மூன்று முறை மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனதை நான்தான் உன்னிடம் புலம்பினேன். அப்பாவின் காது அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற காது, அதற்குக் கேட்கிற மாதிரி வைத்தால் கீழ்வீட்டுக்கும் கேட்கத்தான் செய்யும். அதற்கு நீ ஒரு வழி பார்த்து அனுப்பினாய். இது வரைக்கும் உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதை இணைத்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஹெட்போன் பொத்தானை நீல விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதே நேரத்தில் ரிமோட்டில் செட்டிங்ஸுக்குள் போய் புளூடூத்தைத் திறக்க வேண்டும், அங்கே வருகிற பெயரை அழுத்த வேண்டும், அவ்வளவுதாம்மா என்றாய். நான் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தால் அப்பா ரிமோட்டைத் தேடிக்கொண்டிருப்பார், ரிமோட் கிடைக்கும்போது விளக்கு அணைந்திருக்கும். கடைசியில் திரையில் எழுத்தும் எண்ணுமாக நாலைந்து பெயர் வந்தது, அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துணிச்சலாக ஒன்றை அழுத்தினார். அது கீழ்வீட்டு டீச்சரின் ஸ்பீக்கர். எங்கள் ஏழு மணித் தொடரில் மாமியார் அழுத அழுகை மொத்தமும் டீச்சரின் சமையலறையில் ஒலித்திருக்கிறது. அவர் நான்காம் முறை மாடியேறி வந்தார், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நீ, மொதல்ல உன் போன்ல சேர்த்துப் பாரும்மா, ஹெட்போன் வேலை செய்யுதான்னு தெரிஞ்சிடும் என்றாய். சேர்த்தேன், வேலை செய்தது. அப்புறம் பெட்டியிலும் சேர்த்தோம், அதுவும் வேலை செய்தது, நீயும் அங்கே கை தட்டினாய். என் போனிலிருந்து அதைப் பிரித்துவிடு என்று நீ சொல்லவில்லை, பிரிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. ஒரே ஹெட்போன் டிவியையும் என் போனையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று தையல்காரிக்கு எப்படித் தெரியும்?

நீ வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது, அதனால் இதையும் சொல்கிறேன். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது, டிவி எனக்கு முதுகுப் பக்கம். துணியில் கண் இருக்கும்போது நான் எதையும் திரும்பிப் பார்க்க முடியாது, காதால் கேட்பதுதான். அப்பாவுக்கு என்ன சத்தம் வைத்தாலும் பேச்சு பாதி பிடிபடாது, கண்ணால் பார்ப்பதுதான். ஆகவே இத்தனை வருடமும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு தொடர் பார்த்து வந்திருக்கிறோம். இப்ப அவ என்ன சொன்னா என்று அவர் கேட்பார், கையெழுத்துப் போட மாட்டாளாம் என்று நான் சொல்வேன். உள்ளே வந்தது யாரு என்று நான் கேட்பேன், அந்த நீலச் சட்டை வக்கீல், மூஞ்சே சரியில்ல என்று அவர் சொல்வார். சில நாள் வேண்டுமென்றே, ஐயோ வக்கீல் மாடிப்படியில விழுந்துட்டான் என்று புளுகி என்னைத் திரும்பிப் பார்க்க வைப்பார், எனக்கு நூல் அறுந்து போகும், அவருக்குச் சிரிப்பு அடங்காது. நாள் பூராவும் நானும் அவரும் பேசிக்கொள்கிற பேச்சில் முக்கால்வாசி அந்த ஒரு மணி நேரத்தில்தான். வயதானவர்களுக்குப் பேச வேறு என்ன இருக்கிறது, கரண்டு பில்லும் கால் வலியும்தானே.

ஹெட்போன் மாட்டியதும் டிவி வாயை மூடிக்கொண்டது. சத்தம் எல்லாம் அவர் காதுக்குள் போய்விட்டது, எனக்கு மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் மிச்சம். முதல் இரண்டு நாள் அவர் ஒரு காதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பெருமை வேறு, இப்ப நான்தான் உனக்குச் சொல்றேன் பார்த்தியா என்று. பரவாயில்லை, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு நர்ஸின் கோட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, உன் பெயர். எடுத்து ஹலோ ஹலோ என்றேன், ஒரு சத்தமும் இல்லை. சிக்னல் இல்லை போலிருக்கிறது, தானே கட் ஆகட்டும் என்று போனை மெஷின் பலகையில் வைத்துவிட்டு ஜிப்பைத் தைத்து முடித்தேன். அப்பா டிவியைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் உன்னிடமிருந்து, யோசிச்சியாம்மா, சரியா என்று மெசேஜ் வந்தது. குழந்தையின் அறைக்குத் திரைச்சீலை பச்சையில் தைக்கட்டுமா என்று நான் கேட்டிருந்தேன் அல்லவா, அதற்குத்தான் பதில் என்று எண்ணி நானும் சரி என்று அனுப்பினேன். அந்த ஒரு சரியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்திருக்கிறாய் என்று ஒன்பது நாள் எனக்குத் தெரியாது.

அந்த ஒன்பது நாளும் இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு மணிக்கு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வார், எட்டு மணிக்குக் கழற்றி வைப்பார். யாருங்க வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. தோளைத் தட்டிக் கேட்டால், ஒண்ணுமில்ல, நீ வேலையைப் பாரு என்பார். எனக்கு வந்ததே ஆத்திரம். தனக்குக் கேட்க ஆரம்பித்ததும் நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைத்தேன். அவருக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில் மெஷினைப் பார்த்துக்கொண்டே அவரைப் பேசாத பேச்சு இல்லை. சுயநலம் என்றேன், கல்நெஞ்சு என்றேன், இவரைக் கட்டிக்கொண்டு என்னத்தைக் கண்டேன் என்றேன். கடைசி மூன்று நாள் தட்டை வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் எழுந்து போனேன். அதை நினைத்த எரிச்சலில்தான் இந்தக் கடிதமே.

போன வியாழக்கிழமை நீ அனுப்பிய டிக்கெட் போனில் வந்தது. திறந்து பார்த்தால் என் பெயர் மட்டும். இன்னொன்று பின்னால் வரும் என்று பத்து நிமிடம் காத்திருந்தேன், வரவில்லை. மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லாததையும் மறந்து அவர் முன்னால் போய் நின்று போனை நீட்டினேன். என்னங்க இது, எனக்கு மட்டும் டிக்கெட் வந்திருக்கு, உங்களது எங்கே என்றேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்குத்தான் பெரியவ வீட்டு மாடி ரூம்ல இடம் பார்த்திருக்கானே என்றார். உன் அக்கா வீட்டு மாடி அறைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம், இவருக்கு யார் சொன்னது? எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஹெட்போனைக் கையால் கழற்றி எடுத்துவிட்டுக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீ பேசியதெல்லாம் என் போனில் வராமல் அவர் காதில் போயிருக்கிறது. அம்மா, நீ பேசாத, அப்பா பக்கத்துல இருப்பாரு, நான் சொல்றத மட்டும் கேளு என்று நீ ஆரம்பித்தாயாம். இங்கே யாரும் பேசவில்லையே, நீ சொன்னபடி நான் வாய் திறக்காமல் கேட்கிறேன் என்று நினைத்து முழுதும் சொல்லி முடித்திருக்கிறாய். பிரசவத்துக்கு முன்னாலேயே நீ வந்துடணும், ஆறு மாசம் இருக்கணும், ரெண்டு பேரும் வந்தா இந்தச் சின்ன வீட்ல சமாளிக்க முடியாது என்றாயாம். அது கூடப் போகட்டும். அப்பாவுக்கு எங்க இருந்தா என்னம்மா, அக்கா வீட்டு மாடி ரூம்ல அந்தப் பெட்டியை மாட்டிக் குடுத்து ஹெட்போனைப் போட்டு விட்டா அவரு பாட்டுக்கு இருப்பாரு, நீ இல்லாததே அவருக்குத் தெரியாது என்றாயாம். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் கோபம் இல்லை. நல்லா கேட்டுச்சு, ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு, பத்துப் பதினஞ்சு வருஷமா யாரு பேசியும் எனக்கு இவ்வளவு தெளிவா கேட்டதில்ல என்றார்.

அடப்பாவி, உன்னைப் பெற்ற வயிறு இது என்று சொல்லிக்கொள்ள அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. நீ இல்லாததே தெரியாதாம்! எங்களுக்குள் என்ன தெரியும், என்ன தெரியாது என்று நீ வந்து உட்கார்ந்து பார்த்தாயா? ஒரு மனுஷனை ஓர் அறையில் வைத்துக் காதை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இரவு வேலை முடித்துவிட்டு வந்த கண்ணோடு உன்னைப் பள்ளிக்கூடத்து வாசல் வரை கொண்டுவிட்டுத்தான் அவர் தூங்கப் போவார், அவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மருமகள் மேல் இதில் எனக்கு ஒன்றும் இல்லை, அவளுக்கு இது தெரிந்திருக்கவே இருக்காது, தெரிந்திருந்தால் உன்னை நாலு கேள்வி கேட்டிருப்பாள். சத்தத்தை அடைக்கத்தானே அனுப்பினாய் என்று நம்பினேன். மனதில் இந்தக் கணக்கையும் வைத்துக்கொண்டுதான் அனுப்பினாயோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. இல்லை என்றால் இல்லை என்று எழுது, நம்புகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சரி, கேட்டீங்க, கேட்ட அன்னைக்கே என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு ஒன்பது நாள் இப்படி முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தீங்க என்று கரடியாகக் கத்தினேன். அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். அப்புறம், உன்கிட்ட சொன்னா நீ போக மாட்ட, பேரப்பிள்ளையைப் பார்க்கணும்னு நீ எவ்வளவு ஆசையா இருக்கேன்னு எனக்குத் தெரியாதா, அதான் நீ இல்லாம பார்த்துப் பழகிக்கலாம்னு உக்காந்தேன் என்றார். தொடரில் வக்கீல் என்ன ஆனான் என்று கேட்டேன். தெரியல, ஒன்பது நாளா பார்க்கிறேன், ஒண்ணும் மனசுல ஏறல என்றார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து கொஞ்சம் விலக்கித்தான் வைத்திருந்தாராம், நான் பேசிய பேச்சும் அவருக்குப் பாதிக்கு மேல் கேட்டிருக்கிறது, அதையும் சொன்னார். கல்நெஞ்சுன்னு நீ சொன்னது நல்லதுதான், அந்தக் கோபத்துலயாவது நீ நிம்மதியா கிளம்புவேன்னு நினைச்சேன் என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன், தெரிந்துகொள்.

ஆகவே நான் முடிவாகச் சொல்கிறேன், இதில் பேரம் இல்லை. அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. வந்தால் இரண்டு பேரும் வருவோம், கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வோம், உன் சின்ன வீடு எங்களைத் தாங்கும். அதற்கும் இடமில்லை என்றால் நான் வரமாட்டேன், பேரப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்துக்கொள்கிறேன். தூக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா என்ன, ராத்திரி பகல் அதே நினைப்புத்தான். ஆனால் இவரை ஓர் அறையில் பூட்டி வைத்துவிட்டு வந்து உன் பிள்ளையைத் தாலாட்ட என் கைக்கு வராது.

மருமகளை மாடிப்படி ஏற விடாதே, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல், வயிற்றில் இருக்கிற பிள்ளையை நினைத்துக்கொண்டு உன் மேல் கோபப்படாமல் இருக்கச் சொல், கோபத்தை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். திரைச்சீலை பச்சையில்தான் தைத்து வைத்திருக்கிறேன். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். கடைசியாக ஒன்று. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே கூப்பிட வேண்டும், என் போனுக்கு இல்லை, அப்பாவின் போனுக்கு. அதுவரை நீ கூப்பிட்டால் நான் எடுக்கமாட்டேன். சுற்றி வளைக்காமல், தப்பு என்று உன் வாயால் அவரிடம் சொல். முதலில் கேட்கவில்லை என்பார். கேட்டிருக்கும். மறுபடியும் சொல்.

கோபம் தீராத,
உன் அம்மா