முதல் நாளிலிருந்தே இல்லாதவன்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். அதைப் பொய்யில்லாமல் எழுத முடிவதே எனக்குப் புதிதாக இருக்கிறது. குடியை விட்டு இன்றோடு பத்து மாதம்.

சலவை நிலையத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி. உன் வார்டு விரிப்பும் அதில் இருக்கலாம். சாயங்காலம் பிரார்த்தனைக் கூட்டம். நீ சொல்லித்தான் போனேன். "சாமி கும்பிட்டா குடி நிக்குதான்னு பாக்குற ஆராய்ச்சிடா. கூட்டத்துக்குப் போற ஆளுங்கதான் பத்தல, நீயும் போயேன்" என்றாய். வேடிக்கை பார்க்கப் போனவன் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உன் ஆய்வுக்குழுப் பெண் படிவத்தோடு வருகிறாள். "போன மாசம் எத்தனை நாள் குடிச்சீங்க?" என்பாள். "சைபர்" என்பேன். சைபர் வாங்கி நான் பெருமைப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அவளோடு நீயும் ஒரு தடவை வந்திருக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். குடி ஆசை வராமலிருக்க நீ எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் கூட்டத் தலைவர். "ஒரு கையில கடவுள், ஒரு கையில மாத்திரை. ரெண்டுல எதை விடப் போற?" என்கிறார். நிறுத்தட்டுமா, வேண்டாமா? நீ மனநல மருத்துவர், எனக்கு அக்காவும்கூட. ஒரு வரி எழுது, அப்படியே செய்கிறேன்.

உன் பாசமுள்ள தம்பி

பிப்ரவரி 21

என் செல்லத் தம்பிக்கு,

பத்து மாதம் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, வேலை கழுத்தை நெரிக்கிறது.

மாத்திரை பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாதுடா. என் ஆய்வில் இருநூற்றுப் பத்துப் பேர். நீ எண் 118. மற்றவர்களுக்குச் சொல்லாததை உனக்கு மட்டும் சொன்னால் முடிவு கெட்டுவிடும். கூட்டத்துக்குள் நடப்பதில் தலையிட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ என் தம்பி என்பதே இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் உன்னைச் சேர்த்ததே தப்பாகிவிடும்.

ஏப்ரலோடு ஆய்வு முடிகிறது. அப்புறம் ஆற அமரப் பேசுவோம். அதுவரை உன் மனசுக்குப் பட்டதைச் செய். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

மனசுக்குப் பட்டதைச் செய்தேன். மாத்திரை அட்டையைத் தலைவர் கையில் கொடுத்தேன், எல்லாரும் கை தட்டினார்கள். பதினேழு நாள் தூக்கமில்லை. பதினெட்டாம் நாள் குடித்தேன்.

மறைக்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் நானே எழுந்து நின்று சொன்னேன். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. தலைவர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு, எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குடித்தவன் பெயரை அன்றைய தேதியில் அடிப்பதில்லை. முதல் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு வருகிறார்கள். பன்னிரண்டு மாதமும் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு. "விழுந்தவன் நம்மகூட இருந்தவனே இல்ல. முதல் நாள்லேர்ந்தே இல்ல" என்றார்.

போன வாரம் உன் குழுப் பெண் வந்து அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். கோடு போட்ட பெயரையெல்லாம் விட்டுவிட்டாள். அப்படியென்றால் உன் அட்டவணையில் நான் கூட்டத்துக்கே போகாமல் குடித்தவன். என் பெயருக்கு மேலும் கீழும் பதினோரு கோடு எண்ணினேன். ஒன்று பஸ் டிரைவர், ஒன்று ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இருவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் அக்கா. நீ வந்து அந்தக் கோடுகளை எண்ணு. எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

தம்பி

மே 16

தம்பி,

குடித்துவிட்டு எழுதினாயோ என்று கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். மன்னித்துக்கொள், தொழில் புத்தி.

யார் உறுப்பினர் என்பதைப் பதிவேட்டை வைத்தே தீர்மானிப்பது என்று ஆரம்பத்திலேயே முடிவானது. நடுவில் மாற்ற முடியாது. கட்டுரையையும் அனுப்பியாகிவிட்டது, அடுத்த மாதம் மாநாட்டில் வாசிக்கிறேன். ஆறு வருஷ உழைப்பு. பன்னிரண்டு கோட்டுக்காக அதைத் திரும்பப் பெறச் சொல்கிறாயா?

என் வார்டில் உனக்கு ஒரு படுக்கை ஒதுக்கியிருக்கிறேன். உடனே கிளம்பி வா. வந்த இடத்தில் தம்பி என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. எனக்கு மட்டும் வருத்தமில்லை என்று நினைக்காதே.

அக்கா

ஆகஸ்ட் 2

டாக்டர் அவர்களுக்கு,

பத்திரிகையில் உங்கள் படம் பார்த்தேன். "கூட்டத்தில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மீண்டும் குடிப்பதில்லை." தலைவர் அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார். புதிதாக வருகிறவர்களிடம் அதைக் காட்டித்தான் மாத்திரையைக் கேட்கிறார். போன வாரம் ஒரு தையல்காரர் கொடுத்துவிட்டார். பஸ் டிரைவரைப் போன மாதம் புதைத்தோம். கூட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள் கணக்கில் அவர்தான் வந்ததே இல்லையே.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உங்களுக்கு அட்டவணை ஆடிவிடுமோ என்ற பயம்தான் இருந்தது. பிப்ரவரியில் நான் கேட்டது ஒரே ஒரு வரி. "நிறுத்தாதே" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும்.

உங்கள் வார்டுக்கு வரவில்லை. சலவை நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. மாத்திரை மறுபடி ஆரம்பித்து இன்றோடு இருபத்தாறு நாள். குடிக்கவில்லை. இதை உங்கள் அட்டவணையில் எந்தப் பத்தியில் போட்டாலும் சரி.

கிளினிக்கில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் உடன்பிறந்தவர்கள் என்று ஒரு கட்டம். பழக்கத்தில் "அக்கா ஒருவர்" என்று எழுதிவிட்டேன். அப்புறம் நர்ஸிடம் ஸ்கேல் வாங்கிக் கோடு போட்டு அடித்தேன். "இறந்துட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லை சிஸ்டர், முதல் நாள்லேர்ந்தே இல்லை" என்றேன்.

இப்படிக்கு
எண் 118