வேர் வெட்டியது

நல்லூர்,
14.11.2006

அன்புள்ள உனக்கு,

சோமனூரில் மாமாவுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே நான்கு நாளாக ஓயாத மழை.

நேற்றுக் காலை நம் வாசல் வேப்பமரம் சாய்ந்துவிட்டது. "ஏனுங்க, மழைக்கு முன்னால கிளையக் கழிச்சு உடுங்க, வேர்ல மட்டும் கை வெக்காதீங்க" என்று ஊருக்குக் கிளம்பும்போது சொன்னாய். நான் கிளையைத் தொடவில்லை. தையல் ஷெட்டுக்குத் தளம் போட ஒரு பக்கத்து வேர்களை வெட்டச் சொன்னேன்.

மரம் நாம் வாடகைக்கு விட்டிருக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறை மேல் விழுந்தது. உள்ளே அங்கே குடியிருக்கும் பாண்டியம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மறுபடி தையல் மெஷினில் உட்கார ஆறு மாதம் ஆகுமாம்.

ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, அக்காகிட்ட இப்பச் சொல்லிராதீக. பிள்ளை மாதிரி பாத்த மரம், மனசு விட்டுருவாக" என்றாள். பிறகு மழையைத் திட்டினாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

உனக்கு எழுதிவிட்டேன். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நீ வந்து பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்