பச்சை மையில் நிரப்பிய படிவம்

மாப்ள,

போன வாரம் எங்கள் பிரிவுக்குப் புது மேசைகள் வந்தன. பழைய இரும்பு மேசையைத் தூக்கிப்போக வந்தவர்கள், கீழ் இழுப்பறையைக் காலி செய்து தரச் சொன்னார்கள். அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை வருடம் திறக்காமல் இருந்தேன்.

உடைந்த அரக்குத் துண்டுகள், கோப்புக் கயிறுகள். அடியில் உன்னுடைய சங்க உறுப்பினர் படிவம். அரக்கு வாசம் ஏறிய தாள் மஞ்சளாகிவிட்டது. உன் கையெழுத்து மட்டும் வெளிறவில்லை. பச்சை மை.

பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது. நாம் காவல் துறையில் காக்கி போடாத கூட்டம். எழுத்தர், தட்டச்சர், உதவியாளர். படிவத்தை நீட்டிய அன்று நீ சிரித்தாய். "எப்படியும் ஆபீஸர் ஆகப்போறதில்ல மாப்ள. சங்கத்துலயாச்சும் பச்சையில போட்டுக்கறேன், வுடு."

நான் சிரிக்கவில்லை. கறுப்புப் பட்டை நாள் என் நெஞ்சில் இருந்தது.

காக்கி போட்டவர்களுக்குச் சங்கம் கிடையாது. நமக்கு உண்டு. அவர்களிடம் இல்லாமல் நம்மிடம் இருந்தது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்களே என்று, அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒருநாள் கறுப்புப் பட்டை அணிந்து வேலை பார்க்க முடிவெடுத்தோம். நீ உறுப்பினர் இல்லாவிட்டாலும் காலையில் உன் சட்டையில் நான்தான் குத்திவிட்டேன். பத்தரை மணிக்கு அதிகாரி உள்ளே நுழைந்தார். திரும்பிப் பார்த்தால் உன் சட்டையில் ஊசிக் குத்து மட்டும் இருந்தது. பட்டை உன் பைக்குள். முன்வரிசையில் பட்டையோடு நான் மட்டும் தனியாக நின்றேன். அடுத்த வாரம் எனக்கு மாற்றல். இரண்டு வருடம் வெளி மாவட்டம். என் அப்பா படுத்த படுக்கையாகி இறந்தபோதுகூட நான் பக்கத்தில் இல்லை.

அன்று நடந்ததற்கு நீ சாக்குச் சொல்லவில்லை. "பயந்துட்டேன் மாப்ள. வேற ஒன்னுமில்ல." சாக்குச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

திரும்பி வந்ததும் என்னைக் கிளைச் செயலாளர் ஆக்கினார்கள். அப்போதுதான் நீ படிவத்தோடு வந்தாய். வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வராத ஆள் நீ, படிவமாகக் கேட்டாய். எனக்கு அது அன்றே புரிந்தது. புரிந்தும் இழுப்பறையில் போட்டு மூடினேன். கொஞ்சநாள் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் உனக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது. ஓய்வுபெறப் போகும் ஒரு தலைமைக் காவலரின் பணிப்பதிவேடு காணவில்லை. அதைத் தபாலில் நீ வாங்கியதாக உன் சுருக்கொப்பம் இருக்கிறதாம். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? தபால்காரர் பத்துப் பன்னிரண்டு உறைகளைக் கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொன்றையும் பார்த்து ஒப்பமிட யாருக்கு நேரம்? வரிசையாக ஓர் அடைப்புக்குறி போட்டு, அதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒப்பம். எல்லோரும் செய்ததுதான். மாட்டியது நீ.

மெமோவோடு நேராக என்னிடம் வந்தாய்.

"நாந்தான் மெம்பர் ஆயிட்டேனே மாப்ள. விசாரணைக்கு நீ கூட வந்துரு."

"உன் படிவம் கமிட்டிக்கே போகல. பச்சை மையில போட்டா செல்லாது."

"அதனால என்ன? ப்ளூல போட்டுத் தரேன், குடு."

"மெமோ வந்தப்புறம் சேர்ந்தா கணக்குல வராது. ரூல் அப்படி."

அப்படி ஒரு விதி இல்லை. மை பற்றியும் இல்லை. இரண்டையும் அந்த இடத்திலேயே நான் உண்டாக்கினேன். நீ மெமோவை மடித்துப் பையில் வைத்தாய். "சரி, வுடு" என்று போய்விட்டாய்.

சங்கம் என்றால் கொடி, கோஷம், ஆண்டு விழாவில் சால்வை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து அது விசாரணை அறையில் பக்கத்தில் போடப்படும் ஒரு நாற்காலி. அதில் உட்காருகிறவன் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டான். இன்றைக்கே பதில் சொல்லாதே, அவகாசம் கேள் என்று முழங்கையால் இடிப்பான். நகலைக் காட்டினால் மூலத்தைக் கேட்கச் சொல்வான். பயந்தவனுக்கு இது தோன்றாது. பக்கத்தில் உட்காருகிறவனுக்குத் தோன்றும்.

உன் விசாரணைக்கு முந்தைய நாள் அந்தத் தபால் பதிவேட்டை நான் பார்த்தேன். மூலப் பதிவேட்டை. நீ போட்ட அடைப்புக்குறி ஏழாவது உறையோடு முடிந்திருந்தது. காணாமல்போனது எட்டாவது. உனக்குக் கொடுத்த நகலில் அந்த ஓரம் விழவே இல்லை. "மூலத்தைக் காட்டுங்கள்" என்ற ஒரே வாக்கியம் போதும். எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியாது. சாயங்காலம் வண்டி நிறுத்தத்தில் உன்னைக் கடந்து போனேன். சொல்லவில்லை.

மறுநாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். எதிரே இரண்டு பேர். உன் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நீ. மற்றதில் உன் சாப்பாட்டுப் பையை வைத்தாய், யாரோ வருவதற்கு இடம் பிடிப்பதுபோல. நகலைக் காட்டி, "இது உங்க ஒப்பம்தானே?" என்று கேட்டிருப்பார்கள். தலையாட்டினாய்.

ஊதிய உயர்வை நிறுத்தினார்கள், மாற்றல் போட்டார்கள். அதைவிட, பதிவேட்டைத் தொலைத்தவன் என்ற பெயர். ஒருநாள் உன் ஊரான ஏரியூருக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். நெஞ்சுவலி என்றார்கள். விசாரணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொல்லலாம். நான் சொல்ல முடியாது.

துக்கத்துக்கு ஏரியூர் வந்தேன். அலுவலகத்தில் உன்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு மாலையோடு நின்றார்கள். அவர்களை இன்றும் மன்னிக்கவில்லை. அவர்களைத் திட்டிக்கொண்டே என்னிலிருந்து தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் உன் மனைவி என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தார்.

"அண்ணா, நீங்கதானுங்களே விசாரணைல அவரு பக்கத்துல உக்காந்தது? வூட்டுக்கு வந்து சொன்னாருங்க. 'அவன் இருந்தான், அதான் தைரியமா இருந்துச்சு'ன்னு. தண்டனை வந்தா வந்துட்டுப் போவுது, தனியா வுடல பாருங்க, அது போதுங்க."

நீ ஏன் அப்படிச் சொன்னாய், மாப்ள? அவர் பயப்படக்கூடாது என்றா? என்னை அவர் வெறுக்கக்கூடாது என்றா? உன்மேல் எனக்குப் பாக்கியிருக்கும் கோபம் இது ஒன்றுதான். நான் மறுத்திருக்க வேண்டும். தலையாட்டினேன். நீ ஆட்டியதுபோலவே.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் வத்தல்மலையைச் சேர்ந்த பெண் ஒருத்திக்கு மெமோ வந்தது. பணிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. "சார், நான் மெம்பரே இல்லீங்களே" என்றாள். "அத அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல மூலத்தைக் கேளு" என்றேன். கேட்டாள். அன்றைக்கே விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் படிவம் கேட்டாள், கொடுத்தேன். நீல மையில்தான் எழுதினாள்.

உன் படிவத்தில் 'உறுப்பினர் எண்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. இப்போது எண் போட்டு நிரப்பினால் அதுவும் பொய்ப் பதிவாகத்தான் இருக்கும். அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒரு விசாரணையையும் விடுவதில்லை. யார் கூப்பிட்டாலும் போகிறேன், கூப்பிடாவிட்டாலும் போகிறேன். அந்தப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் உட்காருவதற்கு முன் குனிந்து, அன்று நீ வைத்த அந்தச் சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். பார்க்கிறவர்கள் தூசி தட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.