கட்டா கருவாட்டுப் பொட்டலம்

அக்கா, இன்று வத்தேகம சந்தையில் கட்டா கருவாடு நிறுத்து, பேப்பரில் சுற்றச் சொன்ன பிறகுதான் உறைத்தது, இதை வாங்கிக்கொள்ள நீங்கள் உயிரோடு இல்லை என்று. சம்பளம் எடுத்தால் கால் தானாக அந்தக் கடைக்குப் போய்விடுகிறது. என்ன செய்ய!

பல்லேகல கார்மெண்ட் தொழிற்சாலையில் அப்போது நான் புதுசு. கடல் எங்கேயோ, நம்ம மலை எங்கேயோ. தேயிலைத் தோட்டத்தில் பச்சை மீன் எப்போதாவதுதான். ஒரு துண்டு கருவாடு இருந்தால் வீடே சோறு தின்றுவிடும். அம்மா அன்று ஆசையாகப் பொரித்துக் கட்டித் தந்தார். சாப்பாட்டுப் பைகள் வைக்கும் அறை முழுக்க வாசம். சுப்பவைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "தோட்டத்து நாத்தம்! யாருடைய பை?"

பை என்னுடையது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது.

நீங்கள் எழுந்தீர்கள். "என்னோடது சேர்."

கண்டி டவுனில் மஹய்யாவக்காரி நீங்கள், தோட்டத்துப் பேச்சை உங்கள் தலையில் வாங்கிக்கொண்டீர்கள். அன்று முதல் அவன் உங்களை உள்ளே சாப்பிட விடவில்லை; கேட் பக்கத்துச் சைக்கிள் கொட்டகையில்தான் உங்களுக்குச் சாப்பாடு. அழுதுகொண்டு வந்த என்னிடம், "சும்மா இரு புள்ள. உன்னைய நிப்பாட்டிருவான். என்னைய என்ன செஞ்சிருவான்? எனக்கும் கருவாடுன்னா உசுருதான்" என்று சிரித்தீர்கள்.

நம்பினேன். சம்பளத்துக்குச் சம்பளம் கருவாடு வாங்கித் தந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வராதவளுக்கு அது வசதியாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வீர்கள்.

இன்று பொட்டலத்தை உங்கள் மகளிடம் கொண்டுபோனேன். விழித்துப் பார்த்தாள்.

"நீங்கதானா அது? அம்மாவுக்குக் கருவாடு ஆகவே ஆகாதே! வாசம் பட்டாலே கொமட்டும். அப்படியே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டு, சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவுவாங்க. ஏம்மா வாங்குறீங்கன்னா, 'அந்தப் புள்ள ஆசையா குடுக்குது, வேணாம்னா மொகம் வாடிரும்'பாங்க."

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "அம்மா வாயே தொறக்கலையே" என்று அழுதாள். எனக்கு வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு விடுங்கள், பயம். வேலை நிரந்தரமான பிறகாவது, அந்தக் கருவாடு என்னோடது என்று போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெயிலிலும் மழையிலும் நீங்கள் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டதைச் சன்னலால் பார்த்தபடி, உள்ளே கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அக்கா.